கராம்பு எண்ணெயில் விழுந்த விமானம்

நான் ஒரு விமானத்தைக் கடலில் விழுத்தியவன். இதை இத்தனை காலம் எழுதாமல் இருந்ததற்கு வெட்கம் பாதி, பயம் பாதி. (பயத்துக்குக் காரணம் உண்டு. அது நடந்த காலத்தில், என்னைப் போலப் பெயர் வைத்த ஒருவன் பஸ்ஸில் ‘விமானம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் உரக்கச் சொன்னாலே பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார்.) விமானம் விழுந்தது கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு மேற்கே உள்ள கடலில். நான் அதை விழுத்தியது மாத்தளை டவுனில், ஒரு கராம்புக் கடைக்கு மேலிருந்த மாடி அறையில் வைத்து. செத்தவர்கள் ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு மனுசியின் பதினொரு வருஷத்து ஆசை சாகப் பார்த்தது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ரத்தொட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தட்டுத்தடுமாறிப் படித்து, டவுனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் மாஸ்டராகச் சேர்ந்திருந்தேன். வகுப்பு மாலையில்தான். பகல் முழுக்க எனக்குச் சொந்தம். அந்தப் பகலைப் பாழாக்கும் சாமானை அக்காவின் கணவர் கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்தார். அவர் அங்கே ஒரு வெள்ளைக்காரருக்கு டிரைவர். வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது குப்பையில் போட வைத்திருந்ததை, “இது கார் ஓட்டிப் பழகுற ஸ்டியரிங் மச்சான், ஒனக்கு ஒதவும்” என்று தூக்கி வந்துவிட்டார்.

அது கார் அல்ல, விமானம். கம்ப்யூட்டர் திரையில் விமானி அறையிலிருந்து பார்ப்பது போல ஓடுபாதையும் வானமும் தெரியும். மேசையில் பூட்டிவைக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டியிலிருந்து நீளும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் பாதி வட்டமாக ஒரு கைச்சக்கரம். இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே போகும், தள்ளினால் கீழே வரும். கையை விட்டால் சக்கரம் தானாக நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். அந்தத் ‘தானாக’ என்ற வேலையைச் செய்வதற்குப் பெட்டிக்குள் இரண்டு ஸ்பிரிங்குகள் இருந்தன. வெள்ளைக்காரர் அதை ஏன் குப்பையில் போட நினைத்தார் என்பது எனக்கு முதல் நாளே விளங்கியது. இழுத்தால் ‘க்ரீ...ச்’. விட்டால் ‘டொய்ங்’.

இந்தச் சத்தத்தோடு நான் சந்தோஷமாகவே வாழ்ந்திருப்பேன். ஆனால் என் அறையின் பலகைத் தரைக்குக் கீழே, சரியாக என் மேசைக்கு நேராக, ஹனீபா முதலாளியின் கட்டில் இருந்தது.

ஹனீபா முதலாளிதான் வீட்டுக்காரர். கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்பவர், ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கு’ என்பவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் கராம்பு இலையைப் போட்டு எண்ணெய் வடிப்பார். பகலில் லுஹர் தொழுது, சோறு தின்று, ஒரு மணித்தியாலம் கண்ணயர்வது அவருடைய ஒரே சுகம். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் நான் தினமும் கொழும்பிலிருந்து மாலைதீவுக்குப் பறந்துகொண்டிருந்தேன். முதல் வாரம் அவர் கூரையில் மரநாய் புகுந்துவிட்டது என்று பொறி வைத்தார். இரண்டாம் வாரம், பொறியில் வைத்த வாழைப்பழம் அப்படியே அழுகியதைப் பார்த்து, மனைவியை மேலே அனுப்பினார்.

மாமி கூட்டுகிற தும்புத்தடியோடு வந்தார். (நான் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மகன் என்பார். அந்தக் காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப் பையனுக்கு டவுனில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. பொலிஸில் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் அந்தத் தொல்லையை விரும்ப மாட்டார்கள். மாமிதான் முதலாளியிடம் பேசி என்னை உள்ளே எடுத்தவர்.) கதவைத் தட்டாமலே திறந்தவர் திரையைப் பார்த்து நின்றுவிட்டார். திரையில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது.

“எனத்த மகன் இது?”

“பிளேன் ஓட்டுற விளையாட்டு மாமி. சத்தம் கேட்டிச்சுங்களா? மன்னிச்சுக்கங்க, இனிமே...”

“இதுல ஜித்தாவுக்குப் போக ஏலுமா?”

நான் ஜித்தா விமான நிலையத்தைத் தேடிக் காட்டினேன். மாமி தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு அந்த வீட்டின் கதை தெரிந்தது.

முதலாளிக்கு உலகத்தில் பயம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, காலுக்குக் கீழே தரை இல்லாதது. தொங்கு பாலம் என்றால் ஆற்றைச் சுற்றிப் போவார். ஒருமுறை ரிவர்ஸ்டன் மலை பார்க்கக் குடும்பத்தோடு வேனில் போனவர், பள்ளத்தைக் கண்டதும் இறங்கி மூன்று மைல் நடந்தே திரும்பினார், வேன் அவர் பின்னால் மெல்ல ஊர்ந்து வந்தது. ஹஜ்ஜுக்குப் போக எல்லா வசதியும் அல்லாஹ் கொடுத்திருந்தான், பிளேனில் ஏறும் தைரியத்தைத் தவிர. கடைத்தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய முதலாளிமாரை மரியாதைக்கு ‘ஹாஜியார்’ என்றே கூப்பிடுவார்கள். கூப்பிடும் ஒவ்வொரு முறையும் இவர் கூனிக்குறுகி, “இன்னம் இல்ல, இன்னம் இல்ல” என்பார். எதிர்க் கடை சலீம் ஹாஜியார் மூன்று தடவை போய் வந்தவர். அவர் வேண்டுமென்றே இவரைத் தெருவுக்குக் கேட்க ‘ஹாஜியார்’ என்று கூப்பிடுவார்.

“பதினொரு வருஷமா துஆக் கேக்கிறேன் மகன்,” என்றார் மாமி. “தம்பியோட போயிட்டு வான்னு சொல்றார். போனா இந்த மனுசனோடதான் போவேன். இந்தத் தடவ கூட்டிட்டுப் போறவங்க அடுத்த வெள்ளிக்குள்ள பாஸ்போட்டு கேக்கிறாங்க. இதுல அவர ஒரு தரம் ஒக்கார வச்சி, பிளேன்னா இவ்வளவுதான்னு காட்டினா...”

“காட்டலாம் மாமி.”

“ஆனா இந்தச் சத்தம் வரப்படாது. அவருக்கு ஒரு ஆணி கிறீச்சுன்னா போதும். பஸ்ல சீட்டு கிறீச்சுன்னா எறங்கிருவார்.”

இளைஞனாக இருப்பதில் உள்ள பெரிய நோய் என்னவென்றால், ஒருவர் நம்மை நம்பிவிட்டால் நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடும். “ஒரு கிழமை குடுங்க மாமி, சத்தமே இல்லாம ஆக்கிர்றேன்” என்றேன். அதுவரை நான் எண்ணெய் போட்ட ஒரே இயந்திரம் என் சைக்கிள். அதுவும் கிறீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது.

முதலில் தேங்காய் எண்ணெய். பெட்டியைத் திருப்பி நான்கு ஆணிகளைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைத் தலைக்குத் தேய்ப்பது போலத் தேய்த்தேன். ஒரு நாள் சத்தம் இல்லை. மறுநாள் காலையில் ஜன்னலிலிருந்து பெட்டி வரை எறும்பு வரிசை. மாலைதீவுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது முழங்கை வரை ஏறிவிட்டன. விமானத்தைத் தரையிறக்காமலே விட்டுவிட்டு ஓடிப் போய்க் கிணற்றடியில் கையைக் கழுவினேன்.

இரண்டாவது, சைக்கிள் கடையில் வாங்கிய கறுத்த கிரீஸ். எறும்பு வரவில்லை, சத்தமும் பாதி குறைந்தது. ஆனால் சக்கரம் களி கிண்டுவது போல் இறுகிவிட்டது. இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்கமே நின்றுகொண்டது. விமானம் நீர்கொழும்புக்கு மேலே பருந்து மாதிரி வட்டமிட்டுக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்க ஒரு முழுப் பகல் போனது.

அந்தக் கழுவலில்தான் எனக்கு முதன்முதலாக மூளை வேலை செய்தது. சத்தம் ஒன்றல்ல, இரண்டு. ‘க்ரீச்’ என்பது ஸ்பிரிங்கின் கொளுக்கி, அது மாட்டியிருக்கும் முளையில் உரசுவதால் வருவது. ‘டொய்ங்’ என்பது ஸ்பிரிங்கின் சுருள் வயிறு வீணைக் கம்பி மாதிரி அதிர்வதால் வருவது. அதிர்வுக்கு எண்ணெய் ஊற்றி என்ன பயன்? என் பழைய பள்ளிக்கூடக் காலுறை ஒன்றை நீளமாக வெட்டி, சுருட்டி, ஸ்பிரிங்குக்குள் நுழைத்தேன். டொய்ங் அப்படியே அடங்கியது. கொளுக்கி மாட்டும் இடத்தில் சைக்கிள் டியூப் ரப்பரில் ஒரு சின்ன வளையம் வெட்டிப் போட்டேன். க்ரீச்சும் முக்கால்வாசி போய்விட்டது. மீதி இருந்தது, காது கொடுத்துக் கேட்டால் மட்டும் கேட்கும் ஒரு சின்ன ‘கீ’.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இதை நான் என் மகனுக்கும், வகுப்பில் வரும் பிள்ளைகளுக்கும் இன்றும் சொல்கிறேன்: முக்கால்வாசி வெற்றி கிடைத்தால் பெட்டியை மூடி ஆணியை இறுக்கு.

இதற்கிடையில் பொலிஸ் வேறு வந்தது. குடியிருப்பவர்களின் பதிவைப் பார்க்கும் வழக்கமான சோதனைதான். ஆனால் யுத்தத்தில், குண்டு போட விமானம் வருமென்று கொழும்பில் வானத்தைப் பார்த்து விளக்கணைத்துக்கொண்டிருந்த காலம் அது. என் மேசையிலோ விமானம் ஓட்டும் கைச்சக்கரம். மாமி அவர்களுக்கு முன்னால் மாடிக்கு ஏறிவந்து, என் படுக்கை விரிப்பை உருவிச் சாமான் மேல் போட்டுவிட்டு, கேட்பதற்கு முன்பே சிங்களத்தில் “தையல் மெசின்” என்றார். இரண்டு பொலிஸ்காரர்களில் ஒருவர் நல்ல மனிதர். தன் கால்சட்டை ஒன்றைச் சுருக்கித் தர முடியுமா என்று கேட்டார். மாமி முடியாது என்று சொல்ல முடியாமல் வாங்கி, மெசினே இல்லாத வீட்டில் மூன்று நாள் கையால் தைத்துக் கொடுத்தார். அவ்வளவு தூரம் அவர் அந்தச் சாமானைக் காப்பாற்றினார் என்றால், அதில் அவர் வைத்திருந்த நம்பிக்கையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை. மறுநாள் முதலாளியை ஏற்றுவதாக முடிவு, மாமி எப்படியோ அவரைச் சம்மதிக்க வைத்திருந்தார். ‘கீ’ மட்டும் போகவில்லை. மாமி தானே அதற்கு மருந்து கொண்டுவந்தார், ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் கராம்பு எண்ணெய்.

அந்த வீட்டில் கராம்பு எண்ணெய் தீர்க்காத வியாதி இல்லை. பல்வலிக்கு அதுதான், தடிமனுக்கு அதுதான், கதவுக் கீல் சத்தம் போட்டாலும் அதுதான். பரீட்சையில் ‘பெயில்’ ஆனவனுக்கும் நெற்றியில் ஒரு துளி வைப்பார்கள் என்று நினைக்கிறேன். “நம்மட சொந்த எண்ணெய் மகன். சுத்தமானது. ஒரு துளி போடுங்க, போதும்” என்றார் மாமி.

நான் கால் போத்தல் ஊற்றினேன். கொளுக்கிக்கு ஊற்றினேன், முளைக்கு ஊற்றினேன், தண்டு நுழையும் வளையத்துக்கு ஊற்றினேன். பழைய காலுறையும் குடிக்கட்டும் என்று அதற்கும் ஊற்றினேன். பெட்டியை மூடி, ஆணியை இறுக்கி, சக்கரத்தை இழுத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. பூனை நடந்த மாதிரி இருந்தது. அறை முழுக்கப் பல் வைத்தியரின் வீடு மாதிரி மணத்தது. மாமியைக் கூப்பிட்டு இழுத்துக் காட்டினேன். அவர் காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. அந்த நிமிஷம் நான் என்னை ஒரு பெரிய இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஞாயிறு காலை முதலாளி குளித்து, வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் உடுத்தி, தொப்பி வைத்து, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு மாடி ஏறினார். கையில் ஒரு சொப்பிங் பை. வாந்தி வந்தால் எடுப்பதற்காம். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

“என்ட எண்ணெய் மணக்குதே?”

“ஒங்கட சட்டையிலதான் மணக்கும்,” என்றார் மாமி. “ஒக்காருங்க.”

கதிரையில் உட்கார்ந்தவர் பெல்ட் கேட்டார். பிளேனில் பெல்ட் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாராம், பெல்ட் இல்லாமல் ஒரு அடியும் நகர மாட்டேன் என்றார். மாமி தன் ஷாலை எடுத்து அவர் வயிற்றையும் கதிரை முதுகையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். நான் பக்கத்தில் நின்று கையை நீட்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விமானத்தைக் கிளப்பினேன்.

“பிஸ்மில்லாஹ்,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடியவர், கொஞ்ச நேரம் கழித்து ஒற்றைக் கண்ணைத் திறந்தார். கீழே நீர்கொழும்புக் களப்புத் தண்ணீர் பளபளத்தது. மற்றக் கண்ணையும் திறந்தார்.

“எழும்பிட்டா?”

“எழும்பிருச்சுங்க முதலாளி. ரெண்டாயிரம் அடி.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதாங்க.”

“தம்புள்ள பஸ்ஸ விடச் சொகமா ஈக்குதே!”

மாமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முதலாளிக்கு முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி மாறிவிட்டது. அது எங்கே, இது எங்கே, அந்த விளக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதினைந்து நிமிஷத்தில், “பாஸ்போட்ட எடுத்து வைங்க, இண்டைக்கே கொண்டுபோய்க் குடுப்போம்” என்று மாமியிடம் சொன்னார். அது மட்டும் போதாதா? போதாது. மனிதனுக்குத் தைரியம் வந்துவிட்டால் அடுத்ததாக வருவது ஆசை.

“மகன், நான் கொஞ்சம் புடிக்கட்டா?”

நான் கையை எடுத்தேன். அவர் இரண்டு கையாலும் பிடித்தார். விமானத்தின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது. “லேசா இழுங்க” என்றேன். மிளகு மூட்டையை லொறியில் ஏற்றிப் பழகிய கை அது. இழுத்தார்.

‘ப்ளக்.’

அதன் பிறகு நடந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. சக்கரம் தண்டோடு பெட்டியிலிருந்து கழன்று அவர் நெஞ்சு வரை வந்தது. தண்டு வந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பிரிங் பாய்ந்து வெளியேறி, அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு போய்க் கூரையில் அடித்தது. என் காலுறைத் துண்டு கராம்பு எண்ணெய் சொட்டச் சொட்டத் திரையின் மேல் தொங்கியது. காலுறைக்குப் பின்னால், நீலக் கடல் கிடுகிடுவென்று பெரிதாகி வந்தது. ஒலிபெருக்கி அபாயச் சங்கு ஊதியது. முதலாளி கழன்ற சக்கரத்தை விடாமல் இன்னும் இன்னும் இழுத்தார். இழுக்க இழுக்க அது அவருடைய தோளுக்கு மேலே போனதே தவிர விமானம் மேலே போகவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். நான், “இழுங்க, இழுங்க!” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

டமார். திரை கறுத்தது.

முதலாளி மெல்லக் கேட்டார்.

“உள்ளுக்கு எத்தன பேர்?”

“யாரும் இல்லைங்க முதலாளி. இது வெறும் கம்ப்யூட்டர்...”

“எத்தன பேர்னு கேட்டேன்.”

“ஒரு... எரநூறு பேர் ஏறலாமுங்க.”

“இன்னாலில்லாஹி...” என்று செத்தவர்களுக்கு ஓதுவதை முழுதாக ஓதி முடித்துவிட்டு எழுந்தார். கதிரையும் சேர்ந்து எழுந்தது. மாமி போட்ட முடிச்சு அப்படி. கதிரையோடு வாசல் வரை நடந்து, கதிரை வாசலில் சிக்கி, திரும்ப முடியாமல் நின்றார். நாங்கள் இருவரும் ஓடிப் போய் முடிச்சை அவிழ்த்தோம். சக்கரத்தைக் கையிலிருந்து வாங்கப் பார்த்தால் வரவில்லை. தண்டில் வழிந்திருந்த எண்ணெயோடு பிளாஸ்டிக் இளகி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தபோது இரண்டு கையிலும் கறுப்புக் கறுப்பாகத் தழும்பு மாதிரி நின்றது. வெள்ளைச் சட்டையும் போயிற்று.

“கப்பல்ல போறதா இருந்தா சொல்லுங்க,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அந்தக் காலத்தில் ஹஜ்ஜுக்குக் கப்பல் எங்கே இருந்தது?

மாமி படியில் நின்று என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “பதினொரு வருஷம் மகன்,” என்றார். “பாஸ்போட்ட எடுத்து வைன்னு அவர் வாயாலே சொன்னார். கேட்டீங்கதானே?” எனக்கு அழுகை வந்துவிட்டது. அறையில் இடம் கொடுத்து, பொலிஸிடமிருந்து காப்பாற்றி, பொய்க்காகக் கால்சட்டை தைத்த மனுசிக்கு நான் திருப்பிக் கொடுத்தது இதுதான். தினமும் மாமி மேலே அனுப்பும் இடியப்பத் தட்டு அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மூன்று நாள் நான் அந்தப் பெட்டியோடு கிடந்தேன். திறந்து பார்த்தால், ஸ்பிரிங் மாட்டியிருந்த முளை வெயிலில் வைத்த கருப்பட்டி மாதிரி இளகி வளைந்து அறுந்திருந்தது. தண்டு நுழையும் வளையம் விரலால் அழுத்தினால் குழிந்தது. எனக்குக் காரணம் விளங்கவே இல்லை. வெள்ளைக்காரரின் சாமான் பழையது, அதனால் இற்றுவிட்டது என்று நினைத்தேன். தகரக் கடையில் அலுமினியத்தில் ஒரு முளையும் ஒரு வளையமும் வெட்டுவித்து, எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, புதுக் காலுறை நுழைத்து, விரல் நுனியில் எடுக்கும் அளவு வஸ்லின் மட்டும் தடவிப் பூட்டினேன். (நன்றாகவே வேலை செய்தது. வருஷத்துக்கு ஒருமுறை கழுவித் தடவினால் போதும் என்பதைப் பிறகு அனுபவத்தில் கண்டுகொண்டேன். யாருக்காவது பயன்படட்டும்.) ஆனால் முதலாளி மாடிப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. உண்மையிலேயே கட்டிலை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டார்.

வியாழன் காலை அறுந்த முளையை எறிந்துவிட எடுத்துக்கொண்டு கடை வழியாகப் போனேன். மறுநாள் பாஸ்போட்டுக்குக் கடைசி நாள். கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள். எதிர்க் கடை சலீம் ஹாஜியாரும் பேப்பர் பார்க்க வந்திருந்தார். முதலாளி என் கையைப் பார்த்து, “எனத்த அது?” என்றார். கொடுத்தேன். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“இதுக்கு என்ட எண்ணெயா போட்டீங்க?”

“ஆமாங்க முதலாளி. சனிக்கிழமை காலையில, கால் போத்தல்.”

“பிளாஸ்டிக்குக்கா? மாத்தளையில பொறந்த பச்சப் புள்ளைக்கும் தெரியுமே! நாங்க எனத்துக்குக் கண்ணாடிப் போத்தல்ல ஊத்துறோம்? கராம்பு எண்ணெய் பிளாஸ்டிக்கத் தின்னும்!”

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? மாமிக்குத் தெரியும்தான். ஆனால் அவர் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் இரும்பு என்று நினைத்திருந்தார்.

நான் தலை குனிந்து நின்றேன். ஆனால் முதலாளியின் முகத்தில் கோபம் இல்லை. முளையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருடைய நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குக் காரணம் இருந்தது. ஹனீபாவின் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு. பேச்சைக் கிளப்பியவர் அங்கேயே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா சலீம் ஹாஜியார்? ஒரு பகல், ஒரு ராத்திரி. உருகி ஓடியீக்கு! கலப்படம் செஞ்ச எண்ணெய் இப்படிச் செய்யுமா?”

“அது பழைய சாமான்,” என்றார் சலீம் ஹாஜியார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். “தானா ஒடஞ்சீக்கும். ஒங்கட எண்ணெய்க்கு அவ்வளவு சக்தி எங்க ஈக்கு?”

முதலாளிக்கு ரத்தம் ஏறிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கொண்டுவரச் சொல்லி, எல்லோருக்கும் முன்னால் எண்ணெய் ஊற்றி மேசையில் வைத்தார். வாடிக்கையாளர்கள் கூடினார்கள். தேநீர் வந்தது. தேநீர் குடித்து முடிவதற்குள் கோப்பை ஒரு பக்கமாகக் குனிந்து, அடியால் ஒழுகி, மேசையோடு ஒட்டிக்கொண்டது.

“இப்ப சொல்லுங்க!” முதலாளி தெருவுக்கே கேட்கக் கத்தினார். “அந்தச் சாமான்ல ஒரு பிழையும் இல்ல! அந்த பிளேன்ல ஒரு பிழையும் இல்ல! நல்லாப் போய்க்கிட்டிருந்த பிளேன், தங்கமான பிளேன்! என்ட எண்ணெய் சுத்தமா இருந்ததாலதான் விழுந்தது! எண்ணெய் போடாட்டி அது ஜித்தா வரைக்கும் போயீக்கும்!”

உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது, மிக அமைதியாக.

“எங்க, இன்னொருக்காச் சொல்லுங்க.”

முதலாளி தான் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிளேன் மேல் பிழை என்றால் எண்ணெயில் கலப்படம். எண்ணெய் சுத்தம் என்றால் பிளேன் மேல் பிழையில்லை. சாட்சிக்கு நாலைந்து வாடிக்கையாளர்கள், ஒரு சலீம் ஹாஜியார். அவரும் முதல்தடவையாகப் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“பிளேன்ல... பிழை இல்ல,” என்றார் முதலாளி. குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

“அப்ப பாஸ்போட்டு?”

முதலாளி கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சலீம் ஹாஜியாரைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார்.

“எடுத்து வைங்க,” என்றார்.

சலீம் ஹாஜியார் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்து, “துஆச் செய்யுங்க ஹாஜியார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த முறை அதில் கேலி இல்லை. அன்று பகல் மாடிக்கு இடியப்பத் தட்டு வந்தது, மாட்டிறைச்சி ஆணத்துக்குப் பதிலாக எனக்கென்று தனியாக ஒரு முட்டைக் குழம்போடு.

போனார்கள், ஹஜ் செய்தார்கள், நல்லபடியாக வந்தார்கள். போகும்போது பிளேன் மேலே எழும்பியதும் முதலாளி பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, கப்டன் ஸ்பிரிங்குக்கு என்ன எண்ணெய் போடுகிறார் என்று கேட்டாராம். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாததால் தோடம்பழச் சாறு கொண்டுவந்து கொடுத்ததாம். பெரிய மனிதர்கள் பயந்தால் இப்படித்தான் என்று மாமி இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மாத்தளையிலேயே வீடு, மனைவி, மகன். முதலாளி உண்மையான ஹாஜியார் ஆகிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று தடவை உம்ரா யாத்திரையும் போய் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டுநாயக்காவில் பிளேனில் ஏறக் கூப்பிடும் நேரத்தில் என் போன் அடிக்கும். என் மகன் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுவான். வீடே கூடி நின்று கேட்கும்.

“மகன், நீங்க இப்ப எங்க ஈக்கிறீங்க?”

“மாத்தளையிலதாங்க ஹாஜியார். வீட்டுல.”

“பிளேனுக்குக் கிட்ட இல்லியே?”

“இல்லைங்க ஹாஜியார்.”

“கையில ஒண்டும் இல்லியே?”

“ஒண்ணும் இல்லைங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்பார். பிறகு பக்கத்தில் திரும்பி மாமியிடம் சொல்வது கேட்கும்: “வாங்க, ஏறலாம்.”